முயல் வளர்க்க மானியம் உண்டா, லோன் உண்டா, எங்க எங்க சுத்த விடுவாங்க

மொதல்லயே சொல்லிருதேன், முயல் பண்ணைக்கு அம்பது சதவீதம் மானியம் வாங்கித் தாரேன்னு யாராவது வந்தா ஒரு ரூவா கூட குடுத்துராதீங்க. தேசிய கால்நடை இயக்கம்ங்கற மத்திய அரசுத் திட்டம் 2014ல வந்தப்ப ஆட்டோட முயலும் சேந்துதான் இருந்துச்சு. 2021ல திட்டத்த மாத்துனாங்க, அதுல அம்பது சதவீத மானியம்ங்கறது நாட்டுக்கோழி, செம்மறி, வெள்ளாடு, பன்னி, தீவனம் இதோட நின்னுபோச்சு. 2024ல குதிரை, கழுதை, ஒட்டகம்லாம் உள்ள வந்துச்சு, முயல் வரல. ஆனா பழைய வீடியோ எல்லாம் போன்ல இன்னும் ஓடிக்கிட்டுதான் கெடக்கு, அத நம்பி கால்நடை ஆஸ்பத்திரிக்கும் பேங்குக்கும் நடந்து பஸ்ஸு காச தொலைச்சவங்க நம்ம திருநெல்வேலி பக்கத்துல நெறய.

இத விட மோசம், "யூனிட்" விக்க வாரவங்க. பத்து முயல், கூண்டு, தீவனம் எல்லாம் நாங்களே தாரோம், குட்டிய நாங்களே திரும்ப வாங்கிக்கிடுதோம், மானியத்துக்கும் நாங்களே எழுதிக்கிடுதோம்னு சொல்லுவாங்க. மொத தடவ குட்டிய வாங்கவும் செய்வாங்க, அதப் பாத்து பக்கத்து வீட்டுக்காரி தாலிய அடகு வச்சு சேருவா, அப்புறம் போன் ஸ்விட்ச் ஆஃப். பெருந்துறை பக்கம் ஈமு கோழில 2012ல நடந்தது இதேதான். திரும்ப வாங்குதோம்னு எழுதிக் குடுத்து பணம் வாங்கி ஏமாத்திருந்தா உள்ளூர் ஸ்டேஷனோட நிக்காதீங்க, மாவட்டத்துல பொருளாதாரக் குற்றப்பிரிவுன்னு தனியா இருக்கு, ரசீது, பேங்க் டிரான்ஸ்ஃபர், வாட்ஸாப் மெசேஜ் எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்துட்டுப் போங்க.

சரி, நமக்கு உரிமையா என்னதான் இருக்குன்னா, கிசான் கிரெடிட் கார்டு, அதாவது பேங்க்ல கம்மி வட்டிக்கு தார கடன் கார்டு. இது வயக்காட்டுக்காரங்களுக்கு மட்டும்தான்னு நெனச்சுட்டு முக்கூடல் பக்கம் பீடி சுத்திக்கிட்டே வீட்டுக்குப் பின்னால நாலு கூண்டு வச்சிருக்கற அக்காமாருங்க யாருமே பேங்க் படி ஏறுததில்ல. 2019 பிப்ரவரி 4ஆம் தேதி ரிசர்வ் பேங்க் போட்ட சுற்றறிக்கைல ஆடு, பன்னி, கோழி, முயல்னு பேர் சொல்லியே எழுதிருக்கு. தனி ஆளும் கேக்கலாம், மகளிர் குழுவும் கேக்கலாம், கொட்டகை சொந்தமா இருந்தாலும் சரி வாடகையா இருந்தாலும் சரி. வட்டி ஏழு சதவீதம், தேதிக்குள்ள கட்டுனா மூணு சதவீதம் கழிஞ்சு நாலுதான், கால்நடைக்கு ரெண்டு லட்சம் வரைக்கும் இந்த வட்டிச் சலுகை. 2025 ஜனவரிலேந்து ரெண்டு லட்சம் வரைக்கும் ஈடு எதுவும் கேக்கக் கூடாது.

இப்ப கவுண்டர்ல என்ன நடக்கும்னு கேளுங்க. ஃபார்ம நீட்டுனா வாங்கிப் பாப்பாங்க, முயல்ங்கற வார்த்தையப் பாத்ததும் அப்படியே திருப்பி நம்ம பக்கமா தள்ளுவாங்க, "முயலுக்கெல்லாம் இல்லம்மா, மாடுன்னா சொல்லுங்க". எங்க பக்கத்து வீட்டு மைனிக்கு நடந்தது இது, பக்கத்துல நின்னு பாத்தேன், சுற்றறிக்கைய காமிச்சதும் அடுத்த கேள்வி பட்டா எங்க, சிட்டா எங்கன்னு. முயல் வளக்கறதுக்கு வயலு எதுக்கு? வாடகைக் கொட்டகைக்கே உண்டுன்னு எழுதிருக்கும்போது பட்டா கேக்கறது தட்டிக்கழிக்கறதுக்குத்தான். வீட்டு வரி ரசீதோ வாடகை ஒப்பந்தமோ குடுங்க, அது போதும்னு நின்னு பேசுங்க.

அதுக்கும் அசையலன்னா கடைசில கம்மல் பக்கம் கண்ணு போவும். "நகைக்கடன் போட்டுக்கோங்க, அரைமணி நேரத்துல பணம்". அவசரத்துக்கு தலையாட்டிறாதீங்க, அது வேற கடன், கார்டுக்கு வார வட்டிக் கழிவு அதுல தானா வராது, நம்ம நகை உள்ள போனதுதான் மிச்சம்.

இன்னொரு இடத்துல நெறய பேரு மாட்டுதாங்க. இந்தக் கார்டு தீவனம், மருந்து, கரண்டு, கூலி மாதிரி நடைமுறைச் செலவுக்குத்தான். கூண்டு அடிக்க, தாய் முயல் வாங்கன்னு எழுதுனா அந்த ஒரு வரிய வச்சே ரிஜெக்ட் பண்ணிருவாங்க. கையில முயல் இருக்கணும், கால்நடை டாக்டர் வந்து பாத்து எண்ணிக்கை போட்டு ஒரு லெட்டர் குடுத்தா நல்லது. பேங்க்ல டாக்டர் லெட்டர் கொண்டாம்பாங்க, டாக்டர் பேங்க் கேட்டு எழுதுனாத்தான் தருவேம்பாரு, இந்த பந்தடில மாட்டாதீங்க, மொத டாக்டர்கிட்ட ஒரு மனுவா எழுதிக் குடுத்து ஒரு காப்பில சீல் வாங்கிருங்க. கூண்டுக்கும் முயலுக்கும் காசு வேணும்னா அது சின்னத் தொழிலுக்குத் தார முத்ரா லோன், அதுல சிசு வகைல 50,000 வரைக்கும் ஈடு இல்லாம.

அப்புறம் "இந்த மாவட்டத்துல முயலுக்கு ரேட்டு ஃபிக்ஸ் பண்ணல" அப்டிம்பாங்க. ஒரு முயலுக்கு எவ்வளவு கடன்ங்கற அளவ மாவட்ட அளவுல ஒரு தொழில்நுட்பக் குழு போடும், இது நெசமாவே இருக்கற விஷயம்தான், ஆனா கவுண்டர்ல இருக்கறவரு அந்த லிஸ்டப் பாத்துட்டுச் சொல்லுதாரா பாக்காம சொல்லுதாரான்னு நமக்கு எப்படித் தெரியும். அந்த லிஸ்டு காப்பி வேணும்னு, மாவட்டத்து பேங்க் எல்லாத்தையும் ஒருங்கிணைக்கற முன்னோடி வங்கி மேலாளருக்கு எழுதுங்க, தரலன்னா பத்து ரூவா போஸ்டல் ஆர்டர் வச்சு தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க, முப்பது நாள்ல பதில் சொல்லியாகணும். முயல் பேரு நெசமாவே இல்லன்னா கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை மனு குடுங்க, சேக்கச் சொல்லி. ஒத்த ஆளா போகாம வளக்கறவங்க பத்து பேரு கையெழுத்தோட போங்க.

எல்லாத்தையும் விட முக்கியம், வாயால சொன்ன "இல்ல"ய வாங்கிட்டு வீட்டுக்கு வந்துராதீங்க. ஃபார்ம் குடுத்ததுக்கு தேதியோட ஒப்புகை வாங்குங்க, முழுசா உள்ள ஃபார்முக்கு ரெண்டு வாரத்துல முடிவு சொல்லணும். ஒப்புகை தர மாட்டேன்னா அதே ஃபார்ம ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க, தபால் ரசீதே ஒப்புகை. முடிவு வரலன்னா மொத அந்த பேங்குக்கே எழுத்துல ஒரு புகார் குடுங்க, அதுக்கு முப்பது நாளாகியும் பதில் இல்லன்னா, பேங்க் மேல வார புகார விசாரிக்கற ரிசர்வ் பேங்க் ஆம்புட்ஸ்மேனுக்குப் போலாம், செலவு கெடையாது, 14448க்கு போன் போட்டு வழி கேட்டுக்கோங்க. அங்க எழுதும்போது "லோன் தரல"ன்னு மட்டும் எழுதாதீங்க, லோன் குடுக்கறதும் குடுக்காததும் பேங்கோட வியாபார முடிவுன்னு சொல்லி மூடிருவாங்க. "விண்ணப்பத்த வாங்கல, எழுத்துல காரணம் சொல்லல"ன்னு எழுதுங்க.

இன்சூரன்ஸ் பத்தி யாருமே சொல்ல மாட்டேங்காங்க. கால்நடை காப்பீட்டுல முயலும் உண்டு, பத்து முயல் ஒரு யூனிட் கணக்கு, பிரீமியத்துல நம்ம பங்கு 15 சதவீதம், மிச்சம் மத்திய மாநில அரசு. நம்ம ஊரு சித்திரை வைகாசி வெயிலுக்கு, ராதாபுரம் பக்கம்லாம் மத்தியானம் தகரக் கொட்டகைக்கு அடியில முயலு காத மடக்கி மூச்சு வாங்கிக்கிட்டு கெடந்து அப்படியே போயிரும், அதனால இது அவசியம். ஆனா காதுல டேக் இல்லன்னா க்ளைம் இல்ல. கூண்டு கம்பில மாட்டி டேக் பிச்சுக்கிட்டு வந்தா அன்னைக்கே டாக்டர்கிட்ட சொல்லி வேற போட்டுருங்க. செத்த உடனே பொதச்சுராதீங்க, டாக்டர் பாத்து சர்டிபிகேட் குடுக்கற வரைக்கும் வச்சிருக்கணும்.

அம்பாசமுத்திரம், பாபநாசம், களக்காடு மாதிரி காட்டோரம் இருக்கறவங்க இத மட்டும் விட்றாதீங்க. காட்டு முயல் 1972 வனவிலங்குச் சட்டத்துக்குள்ள வருது, புடிச்சாலும் வச்சிருந்தாலும் கேஸு. நம்ம வளக்கற வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா, நியூசிலாந்து வெள்ளைலாம் வேற இனம், அதுக்கு அந்தச் சட்டம் கெடையாது. ஆனா சின்சில்லா சாம்பக் கலர்ல இருக்கறதால பாத்ததும் சந்தேகப்படுவாங்க. கொடைக்கானல் மன்னவனூர்ல இருக்கற மத்திய அரசு ஆராய்ச்சி மையத்துல வாங்குனாலும் சரி, ஒரு பண்ணைல வாங்குனாலும் சரி, இனம் பேரும் எண்ணிக்கையும் போட்ட பில்லு இல்லாம வாங்காதீங்க. உயிரோட விக்காம நீங்களே வெட்டி கறியா விக்கதா இருந்தா உணவுப் பாதுகாப்புத் துறைல பதிவு பண்ணிருங்க, ஆன்லைன்ல பண்ணலாம், இடைல ஆள் வேண்டாம்.

வளக்கறதுல சந்தேகம்னா ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரில போய் கேளுங்க, சீக்குன்னா கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962க்கு போன் போடுங்க. ஃபார்ம் குடுக்கப் போகும்போது ஆதார், போட்டோ, பாஸ்புக், வீட்டு வரி ரசீது, முயல் வாங்குன பில்லு, டாக்டர் லெட்டர், ரிசர்வ் பேங்க் சுற்றறிக்கைல முயல்னு இருக்கற பக்கம், எல்லாத்துலயும் ரெண்டு காப்பி எடுத்துக்கோங்க, ஒண்ணு அவங்களுக்கு, இன்னொண்ணு சீல் வாங்கி நம்ம கையில.