ரிசால்வ்: தீர்த்தலா, நிறைவேற்றலா?

எல்லோரும் ஒரே அணியாக நின்று ஆடும் பலகை, சீட்டுக் கூட்டாட்டங்களின் ஆங்கில விதிநூல்களில் அடிக்கடி வரும் சொல் 'ரிசால்வ்'. எடுத்த சீட்டில் எழுதியிருப்பதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை செய்து முடிப்பதே அங்கு அதன் பொருள். பெரம்பூரில் ஞாயிறுதோறும் நாங்கள் நால்வர் உட்காரும் மேசையில் அது 'ரிசால்வ் பண்ணு' என்றே புழங்குகிறது. தமிழில் சொல்ல முயல்பவர்களுக்கு முதலில் வாயில் வருவது 'தீர்'.

இதன் மூலம் 'ரெசொல்வெரே' என்னும் இலத்தீன் வினை. முடிச்சை அவிழ்த்தல், தளர்த்தல் என்பது அதன் அடிப்பொருள். ஆங்கிலத்தில் அது கரைத்தல், சிக்கலைத் தீர்த்தல், மனத்தில் உறுதிகொள்ளல் எனக் கிளைத்தது. நாம் தீர்வு என்றும் தீர்மானம் என்றும் சொல்பவை அந்தக் கிளைகளுக்கு உரியவை. சீட்டிலோ அவிழ்க்க வேண்டிய சிக்கல் எதுவும் இல்லை, செய்து முடிக்க வேண்டிய கட்டளைதான் இருக்கிறது.

'கடன் தீர்த்தல்' என்பதை நினைத்தால் 'தீர்' பொருந்துவது போலத் தோன்றும். ஆனால் 'சீட்டு தீர்ந்தது' என்று சொன்னால், அடுக்கில் எடுக்கச் சீட்டு இல்லை என்றே எவரும் கொள்வர் (எங்கள் பக்கத்தில் ஏலச்சீட்டு முடிந்துவிட்டதாகக் கொள்பவர்களும் உண்டு). இந்த ஆட்டங்களில் அடுக்கு காலியாவதற்கே தனி விதி இருப்பதால் குழப்பம் வளரும். உலக நகரங்களில் பரவும் நோய்களை எல்லோரும் சேர்ந்து அடக்கும், 2008இல் வந்த 'பாண்டமிக்'கில், எடுக்க வேண்டிய இரண்டு சீட்டுகள் இல்லாத கணத்திலேயே தோல்வி. 'ஹனாபி' என்னும் சீட்டாட்டத்திலோ கடைசிச் சீட்டு எடுக்கப்பட்டபின், எடுத்தவர் உட்பட ஒவ்வொருவருக்கும் இன்னும் ஒரு முறை உண்டு. ஆகவே 'தீர்' என்பதை அடுக்குக்கு விட்டுவிட்டு, ரிசால்வுக்கு 'நிறைவேற்று' என்பதையே வைக்கலாம் என்பது என் கருத்து. வேண்டுதலை நிறைவேற்றுகிறோம், வாக்கை நிறைவேற்றுகிறோம். பாதியில் விட்டால் அது நிறைவேறியதாகாது என்னும் உணர்வு அச்சொல்லிலேயே இருக்கிறது.

கேரம் ஆடி வளர்ந்த வடசென்னைக்காரருக்கு இது புதிதன்று. ரெட் குழியில் விழுந்துவிட்டால் மட்டும் போதாது. அடுத்து ஃபாலோவாகத் தன் காய் ஒன்று விழவில்லையென்றால் அது பலகையின் நடுவுக்கே திரும்பிவிடும்.

பாண்டமிக்கில் ஒருவருடைய முறை என்பது நான்கு செயல்கள், இரண்டு சீட்டு எடுத்தல், கடைசியாக நகரங்களில் தொற்று வைத்தல் என்று போகும். பலகையிலுள்ள 48 நகரங்களில் சென்னையும் ஒன்று. சென்ற ஞாயிறு நண்பர் எடுத்த இரண்டில் ஒன்று கொள்ளைநோய்ச் சீட்டாக வந்தது. அதன்படி, நகரப் பெயர்கள் உள்ள தொற்றடுக்கின் அடியிலிருந்து உருவிய சீட்டில் சென்னை இருந்தது, அங்கே ஏற்கெனவே நோயைக் குறிக்கும் ஒரு கறுப்புக் கட்டை நின்றது. எதிரில் இருந்தவர் உடனே, அடுத்து வரும் தொற்று வைக்கும் கட்டத்தைத் தவிர்க்கும் 'ஒன் குவையட் நைட்' என்னும் நிகழ்வுச் சீட்டைக் கீழே வைத்தார். "மொதல்ல இத முடிங்க, அப்புறம் அத போடுங்க," என்று தடுத்தேன். நிகழ்வுச் சீட்டை எப்போது வேண்டுமானாலும் ஆடலாம் என்றாலும், ஒரு சீட்டை எடுப்பதற்கும் அது நிறைவேறுவதற்கும் இடையில் ஆடக்கூடாது. தொற்றுச் சீட்டொன்றை நீக்கும் 'ரெசிலியன்ட் பாப்புலேஷன்' மட்டும், கொள்ளைநோய்ச் சீட்டின் கட்டங்களுக்கு நடுவே புக அனுமதி பெற்றது.

எனவே சென்னையில் மூன்று கட்டைகள் நிரம்பி நோய் வெடித்தது. மும்பை, டெல்லி, கொல்கத்தா, பாங்காக், ஜகார்த்தா ஆகிய அண்டை நகரங்களுக்கு ஒவ்வொரு கட்டை போயிற்று. கழித்த தொற்றுச் சீட்டுகள் கலைக்கப்பட்டு அடுக்கின் மேலேறின. கொள்ளைநோய்ச் சீட்டு அப்போதுதான் நிறைவேறியது. பிறகு அவர் தம் சீட்டை மறுபடியும் வைத்தார். தொற்று வைக்கும் கட்டம் தவிர்க்கப்பட்டது, மேலேறிய சென்னைச் சீட்டு அன்று மறுபடி புரளவில்லை, முறையும் அங்கேயே முடிந்து அடுத்தவருக்குப் போயிற்று.