உப்புத் தண்ணீரும் ஒரு சொட்டு நீலமும்

காங்கேயம் பக்கம் என் அம்மிச்சி வீட்டு அடுப்படியில் இரண்டு குடங்கள் இருக்கும். ஒன்றில் குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீர், மற்றதில் போர்வெல் தண்ணீர். பருப்பு வேகவைக்க முதல் குடத்தை மட்டுமே தொடுவார். ஆற்றுத் தண்ணீர் வராத வாரத்தில் துவரம்பருப்பு எவ்வளவு கொதித்தாலும் மசியாது. "உப்புத் தண்ணீருக்குப் பருப்பு வேகாது, கண்ணு" என்பார். அவர் உப்பு என்றது, பாறையிலிருந்தும் சுக்கான் கல்லிலிருந்தும் நிலத்தடி நீரில் கரைந்து வந்த கால்சியத்தையும் மக்னீசியத்தையும். பருப்பின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பொருள் பெக்டின். இரண்டு பெக்டின் சங்கிலிகளுக்கு நடுவே கால்சியம் அயனி புகுந்து, தையல் போட்டதுபோல் இறுக்கிவிடுகிறது. கொதிநீருக்கு அந்தத் தையல் எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை.

கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வந்ததும் பிள்ளைகள் பெற்றோருடன் வந்து, "வேதியியல் எடுத்தால் வேலை கிடைக்குமா, சார்?" என்று கேட்பார்கள். திருப்பூர்ச் சாயப்பட்டறை ஆய்வகங்கள், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள், ஈரோட்டு மஞ்சளில் குர்குமின் அளவு பார்க்கும் கூடங்கள் என்று வேதியியல் தெரிந்தவர்கள் தேவைப்படும் இடங்கள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. அதைச் சொல்லிவிட்டு, கூடவே ஒரு சோதனையையும் விளக்குவேன். அதைக் கேட்கும்போது பிள்ளையின் கண் விரிகிறதா என்று பார்ப்பேன். எனக்கு மதிப்பெண் பட்டியலைவிட அது அதிகம் சொல்கிறது.

அந்தச் சோதனை நீரின் கடினத்தன்மையை, அதாவது அம்மிச்சி சொன்ன அந்த 'உப்பு' எவ்வளவு என்பதை, அளப்பது. பி.எஸ்சி. மாணவரும் செய்வார், பொறியியல் முதலாண்டு மாணவரும் செய்வார். கூம்புக் குடுவையில் தண்ணீர், அதில் அம்மோனியா தாங்கல் கரைசல், எரியோகுரோம் பிளாக் டி என்னும் நிலைகாட்டி (நிறம் மாறி முடிவைக் காட்டும் சாயம்) சில சொட்டு. உடனே திராட்சை ரசச் சிவப்பு வரும். பியூரெட் என்னும் திருகு வைத்த அளவுக் குழாயிலிருந்து, உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் இ.டி.டி.ஏ. கரைசலை விட்டுக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் சிவப்பு மறைந்து தெளிவான நீலம் தோன்றும். பார்க்க இவ்வளவுதான். குடுவைக்குள் நடப்பது ஒரு பிடுங்கல்.

நிலைகாட்டிக்குச் சொந்த நிறம் நீலம். மக்னீசியத்தைப் பற்றிக்கொண்டால்தான் சிவப்பாகிறது. இ.டி.டி.ஏ. மூலக்கூறு ஓர் உலோக அயனியை ஆறு இடங்களில் பிடிக்கும்: இரண்டு நைட்ரஜன், நான்கு ஆக்சிஜன். நண்டு கொடுக்கால் கவ்வுவதைப் போன்ற பிடி என்பதால்தான் இதற்குக் கொடுக்கிணைப்பு என்று பெயர். கால்சியத்தின் மேல் இந்தப் பிடி மக்னீசியத்தைவிடச் சுமார் 100 மடங்கு வலுவானது. ஆகவே முதலில் தனித்துத் திரியும் கால்சியம் அகப்படுகிறது, பிறகு தனித்துத் திரியும் மக்னீசியம். இரண்டும் தீர்ந்த பிறகே, நிலைகாட்டியின் கையிலிருக்கும் கடைசி மக்னீசியத்தை இ.டி.டி.ஏ. பறிக்கிறது. வெறுங்கையான நிலைகாட்டி தன் நீலத்துக்குத் திரும்புகிறது. தண்ணீரில் மக்னீசியமே இல்லையென்றால் முடிவு நிலை மங்கலாகத் தெரியும். கால்சியத்தை இந்த நிலைகாட்டி அவ்வளவு உறுதியாகப் பிடிப்பதில்லை.

ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் முன்ஸ் 1935இல் இ.டி.டி.ஏ.வை உருவாக்கியதே துணிச் சாயத் தொழிலுக்காகத்தான். சாயத் தொட்டியில் கால்சியம் இருந்தால் துணியில் கறை விழும், அதைக் கட்டிப்போட ஒரு பொருள் வேண்டியிருந்தது. திருப்பூர்ப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வருவதில்லை. அதை அளவிடும் கருவியாக்கியவர் சூரிச்சில் இருந்த ஷ்வார்சன்பாக், 1940களில்.

மாணவப் பருவத்தில் ஒருநாள் தாங்கல் கரைசலை ஊற்ற மறந்தேன். நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை, எங்கே நிறுத்துவது என்று தெரியாத ஓர் ஊதாவில் சோதனை தடுமாறியது. செய்முறையை மனப்பாடம் செய்திருந்தேனே தவிர, அந்தக் கரைசல் எதற்கு என்று யோசித்ததில்லை. உலோகத்தைப் பிடிக்கும்போது இ.டி.டி.ஏ. ஹைட்ரஜன் அயனிகளை வெளியிடுகிறது, அதனால் கரைசல் அமிலப் பக்கம் சாயும். சாய்ந்தால் கொடுக்கின் பிடி தளரும். அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 6க்குக் கீழே போனால் நிலைகாட்டி தானாகவே சிவப்பு. பி.எச். மதிப்பை 10இல் நிறுத்திவைப்பதுதான் தாங்கல் கரைசலின் வேலை. 12க்கு மேல் போனாலும் சிக்கல், மக்னீசியம் ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடும்.

ஆய்வகத்துக்கு முந்தின இரவு இந்த "எதற்கு" என்ற கேள்வியை ஒவ்வொரு வரியிலும் கேளுங்கள். பியூரெட்டை ஏன் இ.டி.டி.ஏ.வாலேயே அலசுகிறோம்? உள்ளே ஒட்டியிருக்கும் நீர் கரைசலை நீர்த்துப்போகச் செய்யும். அப்படியானால் குடுவையை மாதிரித் தண்ணீரால் அலசலாமா? கூடாது. பிப்பெட் என்னும் உறிஞ்சு குழாயில் அளந்து எடுத்ததற்கு மேல் கால்சியம் சேர்ந்துவிடும், அங்கே காய்ச்சி வடித்த நீர் மட்டும்தான். முடிவு நிலைக்கு அருகில் ஏன் மெதுவாக விட வேண்டும்? நிலைகாட்டியிடமிருந்து மக்னீசியத்தைப் பறிக்கும் வினைக்குச் சில நொடிகள் பிடிக்கும். அவசரப்பட்டால் நீலத்தைத் தாண்டிவிடுவீர்கள், தாண்டியது கண்ணுக்கும் தெரியாது.

ஆய்வகத்துக்கு வரும்போது பருத்தி உடை, மூடிய காலணி, பாதுகாப்புக் கண்ணாடி, கட்டிய கூந்தல். பிப்பெட்டை வாயால் உறிஞ்சாதீர்கள், ரப்பர் பல்பு கேளுங்கள். தாங்கல் கரைசலை முகர்ந்து பார்க்கவும் வேண்டாம், அம்மோனியா மூக்கையும் கண்ணையும் எரித்துவிடும்.

கணக்கு எளிது. 0.01 மோலார் இ.டி.டி.ஏ. ஒரு மில்லிலிட்டர் என்றால் ஒரு மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம்; கடினத்தன்மையை அந்தக் கணக்கில்தான் சொல்கிறோம். 50 மில்லிலிட்டர் தண்ணீருக்கு 24 மில்லிலிட்டர் செலவானால் லிட்டருக்கு 480 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் 200 வரை ஏற்கிறது, வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை.

அந்தச் சோதனை நாளில் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுத் தண்ணீரைக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்வேன். சிறுவாணித் தண்ணீர் கொண்டுவந்த கோவைப் பிள்ளைக்குச் சில மில்லிலிட்டரிலேயே நீலம் வந்துவிடும். பல்லடத்து போர்வெல் தண்ணீருடன் நிற்கும் பக்கத்து மேசைக்காரர் இன்னும் பியூரெட்டைத் திறந்தபடியே இருப்பார், இருவரும் ஒருவர் குடுவையை ஒருவர் எட்டிப் பார்ப்பார்கள். பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டு, கழுத்துவரை நிரப்பி, ஊர்ப் பெயரை எழுதி எடுத்து வாருங்கள்.