காதுக்குள் நீர் கோத்தால்

சளி பிடித்துத் தெளிந்த பிள்ளை, கூப்பிட்டால் திரும்புவதில்லை. டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது. கவனம் இல்லை என்று திட்டுவோம். பல சமயம் செவிப்பறைதான் சரியாக அதிரவில்லை.

செவிப்பறை ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள சவ்வு. அது தாராளமாக அதிர வேண்டுமானால் இரண்டு பக்கமும் காற்று வேண்டும், அதுவும் ஒரே அழுத்தத்தில். உள்பக்கம் இருக்கும் நடுக்காதுக்குக் காற்று போவது, மூக்கின் பின்புறத்திலிருந்து ஏறும் ஊஸ்டேஷியன் குழல் வழியாக. எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது சட்டென்று திறந்து மூடும். குழந்தைகளுக்கு இந்தக் குழல் குட்டையாக, சரிவில்லாமல் இருப்பதால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அடைத்துவிட்டால் உள்ளே தங்கிய காற்றை நடுக்காதின் உட்சவ்வு மெல்ல உறிஞ்சிவிடும். அழுத்தம் குறைந்து செவிப்பறை உள்ளே இழுபட்டு விறைக்கிறது.

அப்புறம் நீர் கோக்கும். கிருமித் தொற்று சேர்ந்தால் சீழாகும். மிருதங்கத்தின் தொப்பியில், அதாவது இடப்பக்கத் தோலில், ரவையைப் பிசைந்து அப்புவார்களே, எதற்கு? பாரம் ஏறிய தோல் வேகமாக ஆடாது. தாழ்ந்த ஒலி தரும். மிருதங்கத்துக்கு அது அழகு. செவிப்பறைக்கு அதே பாரம் கேடு, உயர்ந்த சுருதி ஒலிகளுக்கு அசைய மறுக்கும். தாழ்ந்த ஒலிகளும் தப்புவதில்லை. பின்னால் காற்று குறையக் குறைய, தோல் பின்வாங்க இடமில்லை.

நஷ்டம் தோலோடு நிற்பதில்லை. சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று குட்டி எலும்புகள் செவிப்பறையின் அசைவை உட்காதுக்குக் கடத்துகின்றன. பெரிய பறையில் விழும் விசை அங்கவடியின் சின்ன அடிப்பகுதியில் குவிவதால், அழுத்தம் சுமார் 20 மடங்கு பெருகும். நீரில் மூழ்கிய எலும்புகளால் அந்த வேலையைச் சரியாகச் செய்ய முடியாது. கேட்கும் திறன் பெரும்பாலும் 20 முதல் 30 டெசிபல் வரை குறையும். விரலால் காதை அடைத்துக்கொண்டு பாடம் கேட்பதுபோல.

காது மருத்துவர்கள் இதை டிம்பனோமெட்ரி என்ற சோதனையில் பார்க்கிறார்கள். காதுத் துளையில் காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து, செவிப்பறை எவ்வளவு இசைந்து கொடுக்கிறது என்று வரைகிறது கருவி. நல்ல காதில் கோடு மலைபோல் எழும். நீர் நிறைந்த காதில் படுத்தே கிடக்கும்.

காய்ச்சலும் வலியும் போன பிறகும் நீர் வாரக்கணக்கில் தங்கலாம். பெரும்பாலும் 3 மாதத்துக்குள் தானாக வற்றிவிடும். வற்றாமல் கேட்கும் திறனும் குறைந்தே இருந்தால், செவிப்பறையில் சின்னத் துளை போட்டு ஒரு குட்டிக் குழாயைச் செருகுவது உண்டு. பறையில் ஓட்டை போட்டால் பறை கெடாதா என்று தோன்றும். ஆனால் அந்த ஓட்டை வழியாகத்தான், அடைத்த குழல் தராத காற்று உள்ளே போகிறது; தோல் மறுபடி ஆடத் தொடங்குகிறது.