ஒட்டு வேறு, கலப்பு வேறு

சுரை வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய தர்பூசணியைப் பற்றிய ஒரு மொழிபெயர்ப்பில் 'சுரை-தர்பூசணி வீரிய ஒட்டு ரகம்' என்று போட்டிருக்கிறார்கள். படிப்பவர் என்ன நினைப்பார்? இரண்டுக்கும் பிறந்த புதுப்பயிர் என்றுதானே!

'வீரிய ஒட்டு' என்பது ஹைபிரிட்டுக்கு, அதாவது இரு வேறு செடிகளை மகரந்தம் சேர்த்துப் பிறக்க வைத்த பயிருக்கு, இங்கே வழங்கும் பெயர். ஹைபிரிட் என்பதன் லத்தீன் மூலம் வீட்டுப் பன்றிக்கும் காட்டுப் பன்றிக்கும் பிறந்த குட்டியைக் குறித்தது. அதாவது, அந்தச் சொல்லுக்கு உயிரே பிறப்புதான். நம் 'ஒட்டு' என்ற சொல்லில் பிறப்பு எங்கே இருக்கிறது? ஒட்டு மாங்கன்று வைத்தவர்களுக்குத் தெரியும், அது ஒரு செடியின் தண்டை இன்னொன்றின் மேல் பொருத்திக் கட்டுவது. ஹைபிரிட்டுக்கும் அதே சொல்லை விதைப் பாக்கெட்டில் அச்சடித்ததில் வந்த வினை இது.

பூசணிக் குடும்பத்தில் இந்தக் குழப்பம் இன்னும் மோசம். வாடல் நோய்க்குத் தப்ப ஜப்பானியர் 1920களிலேயே தர்பூசணியைச் சுரையின் மேல் ஒட்டினார்கள். இரண்டுக்கும் குரோமோசோம் (பண்புகளைச் சுமக்கும் மரபு இழை) 22. பாகல், புடலைக்கும் அதேதான். எண் ஒத்துப்போனால் இனம் கலந்துவிடுமா? சுரையின் மகரந்தத்தைத் தர்பூசணிப் பூவில் தடவினால் கலப்பு விதை கிடைக்காது. ஒட்டினால் மட்டும் பிடித்துக்கொள்ளும். வேர் சுரை, பழம் தர்பூசணி, அவ்வளவுதான்.

மறுபக்கம் பாருங்கள். வெள்ளரிக்கு 14, அதன் காட்டு உறவான குக்குமிஸ் ஹிஸ்ட்ரிக்ஸுக்கு 24. எண் பொருந்தாத இவற்றை 1990களில் கலந்து, கருவைச் சோதனைக்கூடத்தில் வளர்த்தெடுத்தார்கள். இரண்டிலிருந்தும் பாதிப் பாதியாக 7-ம் 12-ம் சேர்ந்து 19 குரோமோசோமோடு பிறந்தது உண்மையான கலப்பினம், ஆனால் மலடு. குரோமோசோமை 38 ஆக இரட்டித்த பிறகுதான் விதை பிடித்தது. அந்த மலட்டுச் செடியை 'வீரிய ஒட்டு' என்பீர்களா? அதில் ஒட்டும் இல்லை, எதிர்பார்த்த வீரியமும் இல்லை. வீரியம் சில கலப்புகளில் வரும் பலன். அதைப் பெயரிலேயே சேர்ப்பது விளம்பரம்.

'கலப்பினம்' தெளிவான சொல். ஒரே இனத்தின் இரு ரகங்களைக் கலந்தால் 'கலப்பு ரகம்' எனலாம். 'ஒட்டு' தோட்டக்காரருக்கே இருக்கட்டும். இது வெறும் சொல் பிடிவாதம் இல்லை. கலப்பு ரகத்தின் விதையை எடுத்து விதைத்தால் செடிக்குச் செடி காய் மாறும். நாட்டுத் தர்பூசணியைச் சுரையில் ஒட்டி, வேறு ரக மகரந்தம் படாமல் காத்தால், அதன் விதை அதே நாட்டு ரகத்தைத்தான் தரும். விதை எடுத்து வைப்பவருக்கு எது எதுவென்று பெயரிலேயே தெரிய வேண்டாமா?