ஆணி மக்குமா?

காசிமேட்டுல மீன் ஏலம் நடக்குற இடத்துல வழுக்கி விழுந்து அத்தைக்கு கணுக்கால் உடைஞ்சு, பிளேட் வச்சு ஆறு ஸ்க்ரூ போட்டாங்க. அத எடுக்க இன்னொரு ஆபரேஷன்னதும் ஒரே அழுகை. தானா மறையுற உலோகம்லாம் வந்துடுச்சு அத்தைன்னு ஒரு பத்திரிகைக் கட்டுரைய படிச்சுக் காட்டினேன், அதுல "மக்கும் உலோகம்"னு இருந்துச்சு. "இன்னா கண்ணு, ஆணி மக்குமா? கால்ல வெக்கிறது இன்னா குப்பையா?"

இதே மொழிபெயர்ப்ப எத்தன தடவதான் பாக்குறது!

இங்கிலீஷ்ல பயோடிகிரேடபிள் மெட்டல், அதத்தான் மக்கும் உலோகம்னு மாத்துறாங்க. பயோடிகிரேடபிள்ல பயோ கிரேக்கம், உயிர். டிகிரேட் லத்தீன், படி இறங்குறது. நம்ம மக்கு, மட்குல இருந்து வந்தது, வெட்கம் வெக்கமான மாதிரி. அவ்ளோதான்.

மக்கணும்னா கிருமி திங்கணும். பச்சத் தொட்டியில போடுற கீரத்தண்டு மக்கும். இந்த மாதிரி ஆணி செய்யுற மெக்னீசியத்த எந்தக் கிருமியும் திங்கல, உடம்புல இருக்குற தண்ணியும் உப்பும்தான் அரிக்குது, ஹைட்ரஜன் வாயு வருது. 1900-களோட தொடக்கத்துல பெல்ஜியம் டாக்டர் லாம்போட் உடைஞ்ச காலுக்கு மெக்னீசியம் தகடு வச்சு எஃகு ஆணி அடிச்சாரு, எட்டே நாள்ல தகடு சிதைஞ்சு தோலுக்கடியில வாயு கட்டிக்கிச்சு. இரும்புப் படகுக்கு அடியில துத்தநாகக் கட்டி போல்ட் பண்றாங்கல்ல, இரும்புக்கு பதிலா அது கரையட்டும்னு, அதே சங்கதிதான். இப்போ கால்சியம், துத்தநாகம், இட்ரியம்னு சேத்து வேகத்த கொறைக்கிறாங்க, 2013-லயே ஒரு ஜெர்மன் ஸ்க்ரூவுக்கு ஐரோப்பாவுல அனுமதி கெடச்சுது.

அப்ப "அரியும் உலோகம்"னு சொல்லலாமேன்னு சில பேரு. கெமிஸ்ட்ரிப்படி சரிதான், பாடப்புத்தகத்துல அரிமானம்னே இருக்கு, ஆனா டாக்டர் "உள்ள அரிக்கும்மா"ன்னா பேஷண்ட் சொறிய ஆரம்பிச்சுடும். இன்னொரு கோஷ்டி "உயிரிச்சிதைவுறு உலோகக்கலவை"ன்னு எழுதுது, படிச்சு முடிக்கிறதுக்குள்ள எலும்பே கூடிடும். பயோன்னு எத பாத்தாலும் உயிரிய ஒட்டிட வேண்டியது, உயிரின்னா ஜந்து இல்லையா, இங்க எந்த ஜந்து சிதைக்குது? டிக்‌ஷ்னரிய பக்கத்துல வச்சுக்கிட்டு சொல்லுக்குச் சொல் மாத்துறவங்க, பொருள் என்ன பண்ணுதுன்னு ஒரு நிமிஷம் பாக்கக் கூடாதா.

பிரசவ வார்டுல நர்ஸம்மா "கரையிற தையல்தான், பிரிக்க வேணாம்"னு எத்தன வருஷமா சொல்றாங்க. அந்த வார்த்தையையே எடுத்துக்கலாமே, உடலில் கரையும் உலோகம்னு. சக்கர மாதிரி கரையலியேன்னு வாத்தியார் யாராச்சும் சண்டைக்கு வரலாம். தையல் நூலும் அப்படி கரையல சார், செயற்கை நூல்னா தண்ணியோட வினைபுரிஞ்சு துண்டு துண்டாதான் போகுது, அதுக்கு யாரும் கேஸ் போடல. அலாய்க்கு கலப்புலோகம் போதும், கலவைன்னா எனக்கு சிமெண்ட்தான் ஞாபகம் வருது.

அத்தைகிட்ட "கரையிற ஆணி"ன்னு சொல்லிப் பாத்தேன். டக்குனு புரிஞ்சுடுச்சு. "அப்ப எனக்கு ஏன் அத போடல?"ன்னு ஆரம்பிச்சுடுச்சு.