கூட்ட முடியும், கழிக்க முடியாது: ஓர் உளவாளியின் முகமூடி

"உளவாளி கழுத்தோரம் விரலை விட்டுத் தன் முகத்தையே உரித்தெடுக்கிறாரே, அப்படியொரு முகமூடியை உண்மையில் செய்ய முடியுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அந்தக் காட்சியை உலகெங்கும் பழக்கியது 1966 செப்டம்பர் 17 அன்று அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய 'மிஷன்: இம்பாசிபிள்' தொடர். புரூஸ் கெல்லர் உருவாக்கிய அத்தொடர் 1973 வரை 171 அத்தியாயங்கள் ஓடியது. ஐந்து நொடிகளில் புகைந்து அழியும் ஒலிநாடாவும், லாலோ ஷிஃப்ரின் ஐந்து எண்ணிக்கைத் தாளத்தில் அமைத்த முகப்பு இசையும் இன்றும் பலருக்கு நினைவிருக்கும். முகமூடிகளுக்கு உரியவர், முதல் மூன்று பருவங்களில் மார்ட்டின் லாண்டாவ் நடித்த ரோலின் ஹேண்ட்.

வாசகரின் கேள்விக்குப் பாதி விடை படத்தொகுப்பில் இருக்கிறது. ரோலின் வேறொருவராக மாறிய பிறகு, பெரும்பாலும் அந்த வேறொருவராக வரும் நடிகரே தொடர்ந்து நடித்தார். உரித்தெடுக்கும் சில நொடிகளுக்கு மட்டுமே ரப்பர் முகமூடி தேவைப்பட்டது.

மீதிப் பாதி அந்த ரப்பரில் இருக்கிறது. முதலில் நடிகரின் முகத்தில் ஆல்ஜினேட் பசையைப் பூசி அச்சு எடுப்பார்கள். கடற்பாசியிலிருந்து கிடைக்கும் இப்பொருளைக் கொண்டுதான் பல் மருத்துவர்களும் வாயில் அளவெடுக்கிறார்கள். அதன் நீண்ட மூலக்கூறுகளைக் கால்சியம் அயனிகள் பிணைப்பதால் சில நிமிடங்களில் அது இறுகிவிடும். அந்த அச்சில் வார்த்த முகத்தின் மேல் களிமண்ணால் புதிய முகத்தை வடித்து, அதற்கும் எதிரச்சு எடுத்துக் களிமண்ணை நீக்கினால், இரண்டுக்கும் இடையே ஒரு வெற்றிடம் மிஞ்சும். பழைய முகத்துக்கும் புதிய முகத்துக்கும் உள்ள வித்தியாசமே அந்த வெற்றிடம். அதை நிரப்புவதுதான் முகமூடி. ஆகவே இந்தக் கலையில் கூட்ட முடியும், கழிக்க முடியாது. சிறிய மூக்கைப் பெரிதாக்கலாம். பெரிய மூக்கைச் சிறிதாக்க வழியில்லை.

அந்த இடத்தைக் கெட்டி ரப்பரால் நிரப்பினால் முகம் அசையாது. எனவே நுரையால் நிரப்புகிறார்கள். ரப்பர் பாலில் மிதக்கும் நுண்துகள்கள் எல்லாம் எதிர்மின்னூட்டம் கொண்டிருப்பதால் ஒன்றையொன்று விலக்குகின்றன. அம்மோனியாவின் காரத்தன்மை அந்த விலக்கத்தைக் காக்கிறது. அதில் சோப்பும் கந்தகமும் கலந்து, கேக் மாவு அடிக்கும் இயந்திரத்தில் அடித்தால் பல மடங்கு பொங்கும். பிறகு வேகத்தைக் குறைத்து அடிக்கும்போது பெரிய குமிழிகள் உடைந்து நுண்குமிழிகள் மட்டும் நிற்கும். அம்மோனியாவும் மெல்ல வெளியேறும். கடைசியாகச் சேர்க்கும் சோடியம் சிலிக்கோஃபுளூரைடு நீரில் சிறிது சிறிதாகச் சிதைந்து அமிலத்தைத் தரும். காரம் குறையக் குறைய விலக்கம் தளர்ந்து, துகள்கள் குமிழிகளைச் சுற்றி ஒட்டிக்கொண்டு உறைகின்றன. குமரி மாவட்டத் தோட்டங்களில் பாலில் அமிலம் ஊற்றி ரப்பர் ஷீட்டுக்கு உறைய வைப்பதும் இதே வேதியியல்தான்; அங்கே காற்றுக் குமிழி கூடாது, இங்கே குமிழிதான் சரக்கு. உறைதல் முந்தினால் நுரை கிண்ணத்திலேயே கட்டியாகிவிடும். பிந்தினால் குமிழிகள் சரிந்துவிடும். அறையின் வெப்பமும் ஈரப்பதமும் மாறினாலே கணக்கு தவறும்.

அச்சில் உறைந்த நுரையைச் சில மணி நேரம் அடுப்பில் வேகவைக்கும்போது கந்தகம் ரப்பர் சங்கிலிகளுக்கு இடையே பாலமிடுகிறது. கிடைப்பது மெல்லிய சுவர்களாலான ஒரு பஞ்சு. அழுத்தினால் அந்தச் சுவர்கள் நீள வேண்டியதில்லை, வளைந்தாலே போதும். எனவேதான் அடியிலுள்ள தசையின் சிறு அசைவும் மேலே தெரிகிறது. இரண்டு அச்சுகளும் முட்டும் ஓரத்தில் பஞ்சு காகிதத்தைவிட மெலிந்து, தோலோடு கலந்துவிடுகிறது. ஆனால் அவ்வளவு மெல்லிய ஓரம், பசையிலிருந்து ஒரே இழுப்பில் உரித்தால் கிழிந்துவிடும். தொடரில் கண்டதுபோல முழுதாகக் கழன்று வரும் முகமூடியின் ஓரம் தடித்திருக்க வேண்டும். தடித்த ஓரம் அருகில் நின்று பார்ப்பவரை ஏமாற்றாது.

இத்தொடரின் முகமூடிகளுக்கு உழைத்தவர்களில் ஜான் சேம்பர்ஸ் முக்கியமானவர். ராணுவத்தில் பல் தொழில்நுட்பராக இருந்த அவர், போரில் முகம் சிதைந்த வீரர்களுக்கு மருத்துவமனையில் செயற்கை மூக்கும் காதும் செய்து கொடுத்துவிட்டுத்தான் ஹாலிவுட் வந்தார். 'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' ஒப்பனைக்காகச் சிறப்பு ஆஸ்கர் பெற்றார். 1980 ஜனவரியில் தெஹ்ரானில் ஒளிந்திருந்த ஆறு அமெரிக்கத் தூதரக ஊழியர்களை, இல்லாத ஒரு படத்தின் படப்பிடிப்புக் குழு என்று சொல்லிச் சிஐஏ வெளியேற்றியபோது, அந்தப் பொய்க் கம்பெனியை அமைக்க உதவியவரும் அவரே. கதையில் உளவாளிக்கு முகம் செய்தவர், உண்மை உளவாளிகளுக்கும் துணைநின்றார்.

உளவுத்துறைக்கும் திரைக்கும் இந்த நுட்பத்தில் பணம் குறையவில்லை. வாய்ப் புற்றுநோய் மிகுந்த நம் நாட்டில், அறுவையால் கண்ணையும் மூக்கையும் இழந்தவர்களுக்கு முகவுறுப்பு செய்யும் துறைக்கு ஆய்வு நிதி போதாது என்பது என் உறுதியான எண்ணம். ஒரு பல் மருத்துவமனையின் சிறிய அறையில், தொழில்நுட்பர் ஒருவர் சிலிக்கோன் மூக்கு செய்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். நுரை ரப்பர் ஒளியை உள்ளே விடாது. சிலிக்கோன் தோலைப் போலவே ஒளியை உள்வாங்கிச் சிதறடிக்கும். அதற்குள் அவர் சிவப்பு நூலிழைத் துணுக்குகளை ஊசி முனையால் ஒவ்வொன்றாகப் பதித்து ரத்த நாளங்களை வரைந்துகொண்டிருந்தார். எலும்பில் ஊன்றிய டைட்டானியத் திருகுகளில் காந்தத்தால் அது ஒட்டிக்கொள்ளுமாம். அதை அணியப்போகும் பெண்மணி எதிரே அமர்ந்து நிறம் சரியாக இருக்கிறதா என்று கைக்கண்ணாடியில் பார்த்தார். இன்னும் கொஞ்சம் கறுப்பு வேண்டும் என்றார்.