தார் என்றால் எந்தத் தார்?

ஏற்காடு அடிவாரத்தில் சாலை போடும் இடத்தில் நின்று “தார் எவ்வளவு சூடு?” என்று கேட்டால் இரண்டு விடை வரலாம். ஒருவர் தொட்டியில் காய்ந்துகொண்டிருக்கும் கறுப்புத் திரவத்தின் சூட்டைச் சொல்வார். இன்னொருவர் டிப்பரில் வந்திறங்கிய ஜல்லிக் கலவையின் சூட்டைச் சொல்வார். இரண்டுக்கும் நாம் வைத்திருக்கும் பெயர் தார். வேடிக்கை என்னவென்றால், இரண்டுமே தார் அல்ல.

பழந்தமிழில் தார் என்பது மாலை. சேரனுக்குப் பனை, பாண்டியனுக்கு வேம்பு, சோழனுக்கு ஆத்தி என்று வேந்தர் அணிந்தது. (வாழைக்கு வருவது தாறு, பேச்சில்தான் அது தார் ஆகிவிட்டது.) சாலைக்கு வந்த தார் ஆங்கிலச் சொல். மரத்தைக் காற்றுப்படாமல் சுட்டால் வடியும் கரும்பசைக்கு முதலில் இட்ட பெயர் அது. அதன் வேர்ப்பொருளே மரம்தான். தேவதாருவில் இருக்கிற வடமொழித் ‘தாரு’வும் அதே வேரில் கிளைத்தது என்பர் மொழிநூலார். பிற்பாடு நிலக்கரியைச் சுட்டு எடுத்த பசையும் தார் ஆயிற்று. 1902இல் இங்கிலாந்தில் ஹூலி என்ற பொறியாளர் அந்தத் தாரோடு இரும்பு உலைக் கசடைக் கலந்து சாலை போடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பெயர் சாலையோடு ஒட்டிக்கொண்டது.

பொருள்தான் மாறிவிட்டது. நிலக்கரித் தாரில் புற்றுநோய் உண்டாக்கும் சேர்மங்கள் மிகுதி. இன்று சாலைக்கு வருவது கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்தபின் அடியில் தங்கும் பிற்றுமென். டிப்பரின் மேல் சூடு போகாமல் மூடுகிற தார்ப்பாய்க்கும் இதே கதை. ஒரு காலத்தில் நீர் புகாதிருக்கத் துணியில் தார் பூசினார்கள். இப்போது பெயரில் மட்டும் தார்.

அஸ்பால்ட் என்ற சொல்லும் குழப்பத்தைத் தீர்ப்பதில்லை. அமெரிக்கர் பிற்றுமெனையே அஸ்பால்ட் என்பார்கள். பிரிட்டனில் அது ஜல்லியும் மணலும் சேர்ந்த கலவை.

தமிழில் பிற்றுமெனுக்கு நிலக்கீல் என்ற நல்ல சொல் இருக்கிறது. கீல் என்றால் கரும்பசை. நிலக்கரியைப் போலவே நிலத்திலிருந்து கிடைப்பதால் நிலக்கீல். கதவுக் கீலும் கீல்வாதத்தின் கீலும் மூட்டு என்ற பொருளில் வருபவை. இரண்டுக்கும் உறவு இருக்கிறதோ இல்லையோ, ஜல்லியை ஜல்லியோடு மூட்டுகிற பொருளுக்கு அந்தப் பெயர் பொருந்தித்தான் இருக்கிறது. சித்த மருத்துவத்தில் கன்மதம் என்றும் ஒரு சொல் உண்டு. பாறையிலிருந்து கசியும் கரும்பொருள். யானைக்கு மதம் வடிவதுபோல் கல்லுக்கு வடிகிற மதம். அழகுக்காக அதைத் தேர்ந்தெடுக்க ஆசைதான், ஆனால் அது மருந்துக்கடைச் சரக்கு. ஆகவே திரவத்துக்கு நிலக்கீல், ஜல்லி சேர்ந்ததற்கு நிலக்கீல் கலவை. புணர்ச்சி விதிப்படி கீற்கலவை என்றும் சொல்லலாம். ரோலர் சத்தத்தில் யார் வாயிலும் நுழையாது.

இப்படிப் பிரித்துச் சொல்வது வெறும் தமிழ்ப்பற்று அல்ல. மத்திய நெடுஞ்சாலை அமைச்சகத்தின் 2013 விவரக்குறிப்பு ஒவ்வொன்றுக்கும் தனிச் சூடு வைத்திருக்கிறது. பரவலாகப் பயன்படும் விஜி-30 என்ற நிலக்கீல் வகைக்கு, நிலக்கீல் 150 முதல் 165 டிகிரி செல்சியஸ், ஜல்லி 150 முதல் 170, கலவை 150 முதல் 165. சாலையில் விரிக்கும்போது 140க்குக் குறையக்கூடாது. 90க்கு இறங்குவதற்குள் ரோலர் வேலை முடிந்திருக்க வேண்டும். நிலக்கீலுக்கும் ஜல்லிக்கும் இடையே 14 டிகிரிக்கு மேல் வேறுபாடு இருக்கக்கூடாது என்றும் விதி உண்டு. இரண்டையும் ‘தார்’ என்றால் அந்த 14 எங்கே நிற்கும்?

விஜி என்பது பாகுநிலையைக் குறிக்கும் தரம். பாகு என்றதும் சமையற்கட்டு நினைவுக்கு வந்தால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். வெல்லப்பாகுக்குக் கம்பிப் பதம் பார்ப்பவருக்கு இந்த வேலை புதிதல்ல. இளஞ்சூட்டில் பாகு கெட்டி. கலந்தால் ஜல்லியின் எல்லா முகத்திலும் படியாது. அளவுக்கு மீறிக் காய்ந்தால் நீலப்புகை கிளம்பும். காற்றோடு சேர்ந்து நிலக்கீல் முதுமையடைந்து நொறுங்கும் தன்மை பெறும். ஆகவே ‘விரிக்கும் வெப்பநிலை’, ‘உருட்டும் வெப்பநிலை’ என்று பாடநூல்போல் சொல்வதைவிட விரிப்புப் பதம், உருட்டுப் பதம் என்பதே எனக்குப் பிடிக்கிறது. டிகிரிக் கணக்கு வெப்பமானிக்கு. பதம் வேலை செய்பவரின் கண்ணுக்கும் கைக்கும்.

ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பது கலவைக்கும் பொருந்தும். பதம் தவறியபின் எத்தனை முறை ரோலர் ஓடினாலும் உள்ளே காற்றிடம் மிஞ்சும். மழைநீர் அதில் இறங்கி ஜல்லியைப் பெயர்த்துவிடும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் ஆறுவதற்குக் காரணங்கள் அதிகம். டிப்பர் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஊர்ந்து ஏற வேண்டும். மேலே குளிர்காற்று, காற்று மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டினால் விரிப்பதையே நிறுத்தச் சொல்கிறது அதே விவரக்குறிப்பு. மூடுபனியிலும் விரிக்கக்கூடாது. ஏற்காட்டில் மார்கழிக் காலையில் வேலை தொடங்க நினைப்பவர் இதைப் படித்தால் பெருமூச்சு விடுவார். 30 மில்லிமீட்டர் தடிமனுள்ள மேற்பூச்சு 50 மில்லிமீட்டரைவிட வெகு விரைவாகச் சூட்டை இழக்கும். வளைவில் சாலை ஒருபுறம் சாய்ந்திருப்பதால் ரோலர் தாழ்ந்த ஓரத்திலிருந்து உயர்ந்த ஓரத்துக்கு ஏறிப்போக வேண்டும். அந்த நிதானத்துக்கும் நேரம் பிடிக்கும்.

சேலம் நகருக்குள் சித்திரை வெயிலில் நிலைமை வேறு. உருட்டி முடித்த சாலை லேசில் ஆறாது; சுற்றுப்புறச் சூட்டுக்கு இறங்குமுன் லாரியை விட்டால் சக்கரத்தடம் பள்ளமாக நின்றுவிடும். அஸ்தம்பட்டியில் ‘ஆறட்டும்’ என்று தடுப்பு வைத்துக் காத்திருக்கும் அதே வேளையில், பத்தாவது வளைவில் ‘ஆறிவிடப் போகிறது’ என்று ரோலரை அவசரப்படுத்துவார்கள்.